சக்கரமில்லாத தேர்கள்

அக்காவின் வண்டியில் கைப்பிடிக்கு நடுவே ஒரு திருகு இருக்கிறது. அதன் இடப்பக்கம் ஆமைப் படம், வலப்பக்கம் முயல் படம். ஆமையில் வைத்தால் சாமி புறப்பாடு மாதிரி நகரும். முயலில் வைத்தால் பக்கத்தில் வரும் நான் ஓட்டமும் நடையுமாகத்தான் வர வேண்டும். வந்த பெட்டியில் ‘மொபிலிட்டி ஸ்கூட்டர்’ என்று அச்சிட்டிருந்தது. வீட்டில் அதற்கு ‘வண்டி’ என்று மட்டும் பெயர். நான்கு சின்னச் சக்கரம், சுழலும் இருக்கை, முன்னால் ஒரு கூடை, இருக்கைக்கு அடியில் பேட்டரி. நான்கு துண்டாகக் கழற்றினால் கார் டிக்கிக்குள் அடங்கிவிடும்.

அக்காவுக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. காலிப்பர் ஷூவும் கக்கத்துக் கட்டையுமாகப் படித்தாள். செங்கல்பட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தினாள். பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் அவளைப் பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விடும். வாசலுக்கு உள்ளே மறுபடியும் கட்டைதான். ஐம்பதைத் தாண்டியதும் ‘நல்ல கால்’ என்று நம்பியிருந்த வலது காலும் தளரத் தொடங்கியது. ஐம்பது வருடம் ஒரே கால் இரண்டு காலுக்கு உழைத்தால் ஒருநாள் அது கணக்கு கேட்கத்தானே செய்யும்? பணி ஓய்வுப் பணத்தில் வண்டி வந்தது.

வண்டி வந்த வாரமே ஆசையைச் சொன்னாள். “வருஷா வருஷம் பசங்கள டூர் கூட்டிட்டுப் போவோம். எல்லாரும் ராட்டினம் ஏறுவாங்க, நான் கீழ உக்காந்து பை காப்பேன். முப்பத்து மூணு வருஷம் பை காத்தாச்சு. இந்தத் தடவ என் பைய நீ காத்துக்கோடா.”

திட்டம் அவளுடையது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து கடலோரமாக வடக்கே, கடைசியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. மூன்று நாள். கூட என் பன்னிரண்டு வயது மகள், அத்தையின் வண்டிக்குத் தன்னைத்தானே மெக்கானிக்காக நியமித்துக்கொண்டவள்.

கிளம்பிய காலையில் எங்கள் தெருவை முதல் தடவையாகத் தரையைப் பார்த்தபடி கடந்தேன். வீட்டுக்கு வீடு வாசலில் இரண்டு மூன்று படி. படிகளின் ஓரத்தில் சிமெண்டில் ஒரு சரிவு, பைக் ஏற்றுவதற்கு. சரிவு கட்ட இடமில்லாத வீட்டில் ஒரு பலகையோ இரும்புத் தகடோ சாய்த்து வைத்திருந்தார்கள். இருபது வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறேன், அது கண்ணில் பட்டதே இல்லை.

கொளவாய் ஏரிக்கரை ஊர் செங்கல்பட்டு. ரயிலில் போகிறவர்களுக்கு அந்தத் தண்ணீர்தான் ஊரின் முகம். உடற்குறையோடு வாழ்கிறவர்களின் வரலாற்றில் இந்த ஊருக்கு வேறொரு முகமும் உண்டு. ஊரை ஒட்டிய திருமணியில் 1924இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் இல்லம் தொடங்கியது. 1955இல் மத்திய அரசு அதை ஏற்று ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமாக்கியது. 1947இல் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் இங்கே வந்தார். இல்லத்தின் பொறுப்பில் இருந்த ராபர்ட் காக்ரேன் அவரைச் சுற்றிக் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் பிராண்ட் தன் கையை வைத்து, அழுத்தச் சொன்னார். பிடி வலித்தது. செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த கையில் அத்தனை பலம் மிச்சமிருந்தது. உயிருள்ள தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் சிகிச்சை வேலூரில் வளர்ந்ததற்கு வித்து அந்தப் பிடி.

திருமணிப் பக்கம் வந்தபோது இதை அக்காதான் சொன்னாள். கடைசியில் ஒரு வாத்தியாரம்மா முத்தாய்ப்பு: “எது போச்சுன்னு எல்லாரும் பாத்தாங்க. எது இருக்குன்னு அந்தாளு கையப் புடிச்சுப் பாத்தான்.”

திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் வேதகிரீஸ்வரர். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரத்தின் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் உண்டுபோனதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். 1990களின் இறுதியோடு அந்த வருகை நின்றுபோனது. மலைக்கோயில்களில் ஏற முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போகும் வழக்கம் தமிழ்நாட்டில் பழையது. அக்கா டோலியில் ஏறியதில்லை. ஏறச் சொல்லி யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆனால் இந்த ஊரில் அவளுக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. மலையடியில் ஊருக்கு நடுவே தாழக்கோயில் இருக்கிறது. பக்தவத்சலேஸ்வரர், திரிபுரசுந்தரி. மேலே போக முடிந்தவருக்கு மேலே ஒரு சிவன், முடியாதவருக்குக் கீழே ஒரு சிவன் என்று இதற்கு நாங்களாகவே ஒரு பொருள் வைத்துக்கொண்டிருக்கிறோம். தலபுராணம் வேறு காரணம் சொல்லலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்று நம்பப்படுகிற சங்கு தீர்த்தக் கரையில் வண்டியை நிறுத்தி, மலையை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டாள். “சாமிக்குக் கீழயும் ஒரு வீடு கட்டணும்னு யாருக்கோ தோணியிருக்கு பாரு.”

மாமல்லபுரத்துக்குள் நுழையுமுன் பூஞ்சேரி. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்த இடம். பார்வையற்றோர், காது கேளாதோர், உடல் ஊனமுற்றோர் ஆகியோரின் சர்வதேசச் சதுரங்க அமைப்புகள் அனுப்பிய அணிகளும் மற்ற நாட்டு அணிகளோடு அதே அரங்கில் ஆடின. விளையாட்டு என்றதும் ஓட்டமும் பாய்ச்சலும் நினைவுக்கு வரும் நமக்கு, எல்லோரும் உட்கார்ந்தே ஆடுகிற ஆட்டமும் உண்டு என்பது மறந்துவிடுகிறது.

மாமல்லபுரத்தில் முதலில் பார்த்தது அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பம். இந்தப் பாறைக்கு வண்டிக்காரர்கள் பல்லவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நூறடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம், நாற்பதடிக்கு மேல் உயரம், எல்லாமே தெருவைப் பார்த்த முகம். படி இல்லை, சீட்டு இல்லை. தெருவில் வண்டியை நிறுத்திக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்த்தால் யானைகளின் கால்களுக்கடியில் இருக்கும் குட்டிகள் கண்ணுக்கு நேரே வருகின்றன. நின்று பார்த்தவரை அந்தக் குட்டிகளை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

நடுப்பிளவுக்கு இடப்பக்கம், விலா எலும்பு தெரிய, கைகளை மேலே தூக்கி ஒற்றைக் காலில் நிற்கிறார் தவசி. அர்ச்சுனன் என்பார் சிலர், பகீரதன் என்பார் சிலர். கீழே ஒரு பூனையும் அதே மாதிரி தவக்கோலத்தில் நிற்க, சுற்றிலும் எலிகள். என் மகள் பூனையைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா தவசியைப் பார்த்தாள்.

“நானும் அறுவது வருஷமா ஒத்தக் கால்ல நிக்கறேன். ஒரு சாமியாச்சும் வந்து என்ன வேணும்னு கேட்டுதா?”

“கேட்டா என்ன அத்த கேப்பீங்க?”

“பாசுபதம்லாம் வேணாம். ஒரு சாய்தளம் போதும்.”

வெண்ணெய் உருண்டைக்குப் புல்தரையின் ஓரத்திலிருந்தே வணக்கம் வைத்தோம். சரிவான பாறையில் ஏறி அதைத் தள்ளுகிற மாதிரிப் படம் எடுக்க ஒரு வரிசை நின்றது. சுமார் 250 டன் எடை என்று கணக்கிடப்பட்ட பாறை அது. நகராமல் ஒரே இடத்தில் இருப்பதற்காக ஒருவரை உலகமே பார்க்க வருவது இந்த ஊரில்தான் என்றாள் அக்கா.

மறுநாள் காலை ஐந்து ரதங்கள். ஒரே பாறைத் தொடரை மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கியவை. பாண்டவர்களின் பெயர் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. தேர் என்ற பெயரும் அப்படித்தான், உண்மையில் அவை கோயில் வடிவங்கள். மணல் மூடிக் கிடந்தவற்றைத் தோண்டி வெளியே எடுத்தார்கள். இன்றும் சுற்றிலும் மணல்தான். இந்த மாதிரி வண்டிக்கு மணல் ஆகாது. சின்னச் சக்கரம் சுற்றச் சுற்றத் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். கெட்டித் தரை முடிந்த இடத்தில் அக்கா வண்டியை நிறுத்திவிட்டாள். நானும் மகளும் போய் வந்தோம்.

திரும்பி வந்தபோது அவள் ஒரு கேள்வியோடு காத்திருந்தாள். “தேருங்கறாங்க, சக்கரம் எங்கடா?”

எத்தனை தடவை வந்திருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை. தாராசுரத்தில் மண்டபத்துக்குச் சக்கரம் உண்டு. கோனார்க்கில் உண்டு, ஹம்பியில் உண்டு. இங்கே இல்லை. தேராக நினைத்துச் செதுக்கவில்லை என்பது அறிஞர்களின் விளக்கம். அக்காவின் விளக்கம் வேறு. “மேலேர்ந்து செதுக்கிட்டு வந்திருக்கான். சிகரம் முடிஞ்சுது, கூடு முடிஞ்சுது, தூண் முடிஞ்சுது. அடி முடியறதுக்குள்ள வேல நின்னுபோச்சு. சக்கரத்துக்கு முறையே வரல.”

வரலாற்று ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அடிப்பகுதி பல இடங்களில் முடியாமல் நிற்பது உண்மை. அவள் சொன்னது பல்லவர்களை மட்டும் பற்றியும் அல்ல. நம் ஊரில் கட்டுகிற எதையும் பாருங்கள். முகப்பு முடிந்துவிடும், பெயர்ப்பலகை ஏறிவிடும், திறப்பு விழா நடந்துவிடும். தரை மட்டும் கடைசிவரை மிச்சமிருக்கும். கால் உள்ளவர்கள் அந்த மிச்சத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். சக்கரத்தில் வருகிறவர்களுக்குத்தான் கட்டடம் முடியவில்லை என்பது தெரியும்.

கடற்கரைக் கோயிலில் வாயிலிலிருந்து நெடுந்தூரத்துக்குக் கல் பாவிய பாதை. அங்கே திருகு முயல் பக்கம் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் வரிசையை விட்டு வந்து கேட்டான்: “ஆண்ட்டி, ஃபுல் சார்ஜுக்கு எவ்ளோ குடுக்கும்?” மைலேஜ் கேட்கிறான். என்ன ஆச்சு, பிறவியிலேயேவா, வைத்தியம் பார்க்கவில்லையா என்று அறுபது வருடம் கேள்வி கேட்கப்பட்டவள் அக்கா. அன்று முழுக்க வந்த கேள்விகள் எல்லாம் வண்டியைப் பற்றியவை. என்ன விலை? லைசன்ஸ் வேண்டுமா? ரிவர்ஸ் போகுமா? ஒரு இயந்திரம் செய்த பெரிய உபகாரம் இது. பார்வை காலிலிருந்து சக்கரத்துக்கு மாறிவிடுகிறது. 1968இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆலன் தீம் என்ற குழாய் வேலைக்காரர், நரம்பு நோயால் நடை தளர்ந்த தன் வீட்டாருக்காக இந்த வகை வண்டியின் முதல் வடிவத்தைச் செய்தார். ‘அமிகோ’, நண்பன் என்று பெயர் வைத்தார்.

வடக்கே போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர், ஜை விட்டேகர் தம்பதி 1976இல் தொடங்கியது. மரநிழல், அதற்கடியில் வாய் பிளந்து அசையாமல் கிடக்கும் முதலைகள். யாரும் யாரையும் அவசரப்படுத்தாத இடம். ஆமைகளைப் பார்த்ததும் மகள் சத்தமில்லாமல் திருகை ஆமைப் படத்துக்குத் திருப்பி வைத்தாள்.

கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. சுத்தமான தண்ணீர், பாதுகாப்பு என்று நீளும் அதன் நிபந்தனைகளில் மாற்றுத்திறனாளிகள் கடலை அணுகும் வசதியும் ஒன்று. கடல் என்பது எங்கள் குடும்பப் படங்களில் அக்காவுக்குப் பின்னால் தூரத்தில் இருக்கும் ஒரு நீலக் கோடு. 2022 நவம்பர் 27 அன்று சென்னை மெரினாவில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தபோது தொலைக்காட்சியைவிட்டு அவள் நகரவில்லை. சக்கர நாற்காலிகள் அலை நுனிவரை போயின. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சிதைத்தது. பிறகு சீர்செய்தார்கள். கட்டுவது ஒரு நாள் வேலை, காப்பது தினசரி வேலை என்று கடல் சொல்லிவிட்டுப் போனது.

முட்டுக்காட்டில் இரண்டு நிறுவனங்கள். ஒன்று, பன்முகக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம், 2005இல் தொடங்கியது. ராட்டினங்களைத் தேடி வரும் கார்கள் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்துதான் போகின்றன. மற்றொன்று தட்சிணசித்ரா, 1996 டிசம்பரில் திறந்தது. டெபோரா தியாகராஜனின் முயற்சி, லாரி பேக்கரின் கட்டடச் சிந்தனை. தென்னாட்டின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து இங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த வீடுகளின் திண்ணைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தோம். நடந்து களைத்தவன் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டுக்காரன் சொந்தக் காசில் கட்டிவைத்த இருக்கை அது. எல்லாச் சாதிக்கும் எல்லாத் திண்ணையும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஆனாலும் களைப்பு என்ற ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட கட்டடக் கலை. அதே வீட்டில் திண்ணையைத் தாண்டினால் குனிந்து, கால் தூக்கி, தாண்டிப் போக வேண்டிய வாசற்படி. உட்கார வைக்கத் தெரிந்த வீட்டுக்கு உள்ளே அழைக்கத் தெரியவில்லை. அக்கா வாழ்க்கையின் பெரும்பகுதி திண்ணையில்தான் கழிந்திருக்கிறது. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், வகுப்புத் தோழிகள் வீட்டில்.

மூன்றாம் நாள் பூங்கா. கிழக்குக் கடற்கரைச் சாலை பொழுதுபோக்குச் சாலை ஆகி நெடுநாள் ஆகிறது. ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.யில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்காத தமிழ்க் குழந்தை குறைவு. முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். இருக்கிறது. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்தது. நாங்கள் போன பூங்காவின் பெயர் இங்கே முக்கியமில்லை. எதில் போயிருந்தாலும் கதை பெரிதாக மாறியிருக்காது.

உள்ளே தளம் வழவழவென்று இருந்தது. வண்டி அன்றுதான் தன் முழு முயலைக் காட்டியது. இசை, பாப்கார்ன் வாசனை, தலைக்கு மேலே அலறிக்கொண்டு போகும் ரயில்கள். கூட்டத்துக்குள் இடுப்பு உயரத்தில் வளைந்து வளைந்து போனாள் அக்கா. முன்னே போகிறவர்களின் கைப்பைகளும் தண்ணீர் பாட்டில்களும்தான் அவள் முகத்துக்கு நேரே. ஹாரன் அடித்தால் மக்கள் துள்ளி விலகிவிட்டு, குற்ற உணர்ச்சியோடு சிரித்தார்கள்.

முதல் ராட்டினத்தின் வாயிலில் எட்டுப் படி. காவலுக்கு நின்ற பையன் யோசிக்கவே இல்லை. “தூக்கிடலாம் மேடம்.” இரண்டாவதிலும் படி. “நாலு பேரக் கூப்பிடறேன் மேடம், தூக்கிடலாம்.” மூன்றாவதிலும் அதே சொல். தமிழ்நாட்டில் அக்கா அதிகம் கேட்ட சொல் அதுதான். பள்ளியில், பேருந்தில், வங்கியில், வாக்குச்சாவடியில். சொல்கிற எல்லோரும் நல்லவர்கள். அந்தப் பையன் நிஜமாகவே தூக்கியிருப்பான்.

“தம்பி, நான் மூட்ட இல்லப்பா” என்றாள் அக்கா, கோபமில்லாமல்.

நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் உச்சியிலிருந்து கவிழ்ந்தது. தொங்குகிற கால்கள் காற்றில் உதறின. “நல்லா கவனிச்சியாடா? ஏறுனவன் எல்லாரையும் நாற்காலில உக்கார வச்சுக் கட்டிப்போட்டுட்டான். நாற்காலிக்குக் கீழ சக்கரம். ஒருத்தனுக்கும் அங்க காலால வேல இல்ல. கால் எதுக்குத் தேவப்படுது? அந்த எட்டுப் படிக்கு.”

ராட்டினம் பாதியில் நின்றால் இறங்கி நடக்க வேண்டியிருக்கும், பிடிமானம் வேண்டும் என்றெல்லாம் பூங்காக்காரர்கள் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. வேகமான ராட்டினங்களுக்கு அவை பொருந்தும். மெதுவாகச் சுற்றும் ராட்டினத்துக்கு? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ‘பொதுக் கட்டடம்’ என்பதில் மக்கள் பொழுதுபோக்குக்காக வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் சேர்த்திருக்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு டெல்லியிலிருந்து ராட்டினத்தின் முதல் படிக்கு வந்து சேர வேண்டும். அதுவும் மேலிருந்து கீழாகச் செதுக்குகிற வேலைதான்.

பெரிய சக்கர ராட்டினம் ஒன்றுக்கு ஒரே ஒரு படி. அரையடி. அங்கே நின்றவர் கொஞ்சம் வயதானவர். தூக்கிடலாம் என்று அவர் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்தார், படியைப் பார்த்தார், பக்கத்து உணவுக்கடையின் பின்பக்கம் போனார். கேஸ் சிலிண்டரை உருட்டி ஏற்ற வைத்திருந்த நீளமான பலகையோடு வந்தார். படியில் சாய்த்துப் போட்டு, காலால் மிதித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “வாங்கம்மா” என்றார்.

திருகு ஆமைக்குப் போனது. வண்டி ஏறியது. கூண்டின் கம்பியைப் பிடித்து, கைப்பலத்தில் தன் உடம்பைத் தானே நகர்த்தி அக்கா இருக்கையில் உட்கார்ந்தாள். என் மகள் எதிரில் உட்கார்ந்தாள். நான் கீழே நின்று பையைக் காத்தேன். மேலே போன கூண்டிலிருந்து மகள் கத்தியது கேட்டது. அத்தை அலையைப் பார்த்துவிட்டாளாம்.

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. அரையடிப் படிக்கு ஆறடிப் பலகை. எங்கள் தெருவில் பைக்குகளுக்கு அதைக் கேட்காமலே செய்து கொடுத்திருக்கிறோம்.